ஜீவராணி அக்காவின் பாஸ்வேர்ட்

ஜீவராணி அக்காவின் கைக்கு ஒரு பென் ட்ரைவ் வந்தால் முதல் வேலையாக அதைத் தன் கவுன் ஓரத்தில் துடைப்பார். யாருடையது, எதற்கு வந்தது என்று கேட்க மாட்டார். இரண்டு பக்கமும் துடைத்து, வாயால் ஒருமுறை ஊதி, கவுண்டரில் இருந்த பழைய கொம்பியூட்டரில் செருகுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உள்ளே கிடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தனக்கு விளங்காத பெயரோடு எதுவும் அங்கே இருக்கக்கூடாது. "உதென்ன பேர்? ஆர் வைச்ச பேர்?" என்று கேட்டுக்கொண்டே அழித்துவிடுவார். அச்சுக்கு வேண்டியதை எடுத்த பிறகும் அதே கதைதான். மிச்சமில்லாமல் துடைத்துத்தான் ஆளிடம் திருப்பிக் கொடுப்பார். கேட்டால், "செத்த வீட்டுக்குப் போட்டு வந்தா முழுகிறேல்லையோ? அதுமாதிரித்தான்" என்பார்.

மேனகா இதைப் பல வருஷமாகப் பார்த்துவிட்டாள். முதலில் கம்பஸ் முடிந்த பின்னேரங்களில் மட்டும் அந்தக் கடையில் நின்றாள். பட்டம் வாங்கிய பிறகு, வேறெங்கும் வேலை கிடைக்காததால், முழுநாளும் நின்றாள்.

கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ரயில் போனால் கண்ணாடிக் கதவு நடுங்கும். பலகையில் போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், தமிழ் தட்டச்சு என்று எழுதியிருந்தாலும் உண்மையான தொழில் கல்வெட்டு. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. முன்னால் படம், பிறகு தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். வீட்டார் நாலு வரி எழுதிக்கொண்டு வருவார்கள். மிச்சத்தை அக்காதான் இட்டுக்கட்டுவார். அவருடைய கையால் அன்பே உருவானவர்களும் அடக்கத்தின் இருப்பிடமானவர்களும் நூற்றுக்கணக்கில் வெளியே போயிருக்கிறார்கள். அடிக்கும்போது மட்டும் வாய் வேறு பாட்டுப் பாடும்.

"இந்த மனுசன் உயிரோட இருக்கேக்க ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதில்லை. இப்ப 'விருந்தோம்பலில் சிறந்தவர்' எண்டு அடிக்க வேணுமாம். சரி, அடிப்பம். செத்துப்போனான், இனித் திருத்த ஏலாது."

அவர் அடிப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கில விசை ஒவ்வொன்றின் மேலும் ஒரு தமிழ் எழுத்துக் குடியிருக்கும். 'எம்' தட்டினால் அ வரும். ஷிப்ட்டோடு தட்டினால் ஆ. அக்கா விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். மேனகா அதைப் பழகியது அவருக்குப் பின்னால் நின்று, திட்டு வாங்கி வாங்கித்தான். கடைசியில், திரையைப் பார்க்காமல் விரல் போகிற போக்கை வைத்தே அக்கா இப்போது 'இறைபதம்' அடிக்கிறார், இப்போது 'அன்னார்' அடிக்கிறார் என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். பட்டத்தைவிட அதுதான் தனக்கு ஒழுங்காக வந்த படிப்போ என்று சில நாள் யோசிப்பாள்.

மேனகாவின் வீடு கொட்டாஞ்சேனையில். தாய் மயிலம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, மாடிவீடுகளில் கூட்டித் துடைத்து மகளைப் படிக்கவைத்தவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் மேனகா. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. காரணம் மேனகாவுக்கு விளங்கவேயில்லை.

"பக்கங்களை அச்செடுத்தாச்சோ?" என்று அக்கா கேட்பார்.

"ஆமா அக்கா."

"ஆமாவோ? ஆமை மாதிரிக் கிடக்கு. ஓம் எண்டு சொல்லு. கம்பஸுக்குப் போனவளாம்."

மேனகா யாழ்ப்பாணத்து ஓம் பழகினாள். பழகிய வாயோடு வீட்டுக்குப் போனால் மயிலம்மா சிரிப்பார். "என்னாடி, சும்மா சும்மா ஓம் ஓம்ங்கற? சாமி கும்புடுறியா?"

இரண்டு இடத்திலும் அவளுடைய வாய் அவளுக்குச் சொந்தமாக இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அக்காவின் லெப்டொப் நீலத் திரையைக் காட்டிவிட்டு அதோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் போன் திருத்துகிற ஹுசைன் வந்து, நாலைந்து விசைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"விண்டோஸ் மௌத்து, மிஸ். டிஸ்க் மட்டும் உசிரோட ஈக்கி."

அந்த டிஸ்கில்தான் சாந்தகுமாரின் தாயாருடைய கல்வெட்டு இருந்தது. சாந்தகுமார் தெஹிவளையில் இருப்பவர், அமைதியான மனுஷன். ஆனால் அவருடைய மூத்த சகோதரி லண்டனில். வம்சாவளியில் யாருடைய பெயர் யாருக்கு முன்னால் வரவேண்டும் என்று அந்த அம்மாள் வாட்ஸப்பில் நடத்திய யுத்தத்தில் பக்கங்கள் எத்தனையோ தரம் மாறி, ஒருவழியாகச் சமாதானமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. வெள்ளிக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வேறெங்கும் பிரதி இல்லை. பிரதி வைப்பதற்கும் அக்காவின் துடைக்கிற கைக்கும் ஆகாது.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் அக்கா" என்றாள் மேனகா. "கம்பஸ்ல எங்க மேப் லாப்ல அதுதான் இருந்திச்சு. முதல்ல பென் ட்ரைவ்வால திறந்து பைலை எடுத்துருவேன். பிறகு லெப்டொப்பிலேயே போட்டுடலாம். வைரஸும் வராது."

"பூமிசாஸ்திரம் படிச்சவள் கொம்பியூட்டருக்கு மருந்து சொல்றாள், கேட்டியளோ ஹுசைன்?"

"ஏலும் மிஸ், புள்ள சொல்றது சரிதான்."

அக்கா மேனகாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி, செய். பைல் போச்செண்டா நீயும் போகவேண்டியதுதான். பிறகு கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அழப்படாது."

மயிலம்மாவின் முழங்கால் அந்த வருஷம்தான் மடங்க மறுத்திருந்தது. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் மேனகாவுடையது. இதை அறிந்துகொண்டுதான் அக்கா அப்படிச் சொன்னார். இருந்தும் மேனகா ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சம்பளமோ கல்வெட்டோ அல்ல. ஒரு நாளாவது இந்த மனுஷி தன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்கவேண்டும் என்ற ஆசை. அது அற்ப ஆசை என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அது போகவில்லை.

அன்றைக்கே ஹுசைனின் கொம்பியூட்டரில் இருந்து, சிவப்புப் பென் ட்ரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றினாள். மறுநாள் காலை அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கப் பின்னால் போனாள். வந்து எடுத்து லெப்டொப்பில் செருகினாள். லெப்டொப் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கறுப்புத் திரையில், துவக்குவதற்கு எதுவும் இல்லை என்று ஒரு வெள்ளை வரி.

பூட் மெனுவுக்கான விசை வேறோ என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய் செக்கியூர் பூட் என்ற காவலை நிறுத்தினாள். பென் ட்ரைவ்வை மற்றத் துளையில் மாற்றிச் செருகினாள். ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளை வரி. வாடிக்கையாளர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அக்கா எல்லாரிடமும் அதைச் சொன்னார்.

"எங்கட டொக்டர் ஒப்பரேசன் செய்யிறா. சத்தம் போடாதேங்கோ."

மத்தியானம் வரை அப்படி. மேனகாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. லாப்பில் இதை யாரோ போட்டுவைத்திருந்தார்கள், நான் சும்மா போய் உட்கார்ந்து படம் கீறினேன், அதைப் போய்த் தெரிந்தமாதிரிச் சொல்லிவிட்டேனே என்று நினைத்தாள். படிப்பு என்று தான் நினைத்ததெல்லாம் இப்படி யாரோ போட்டுவைத்ததன் மேல் உட்கார்ந்ததுதானோ?

கடைசியில் பென் ட்ரைவ்வைக் கழற்றிக் கவுண்டர் கொம்பியூட்டரில் செருகினாள். நேற்று நிறைந்து கிடந்த இடத்தில் இரண்டே இரண்டு பைல்கள் பரிதாபமாக நின்றன.

"இதுல இருந்ததையெல்லாம் யாரு அழிச்சது?"

"நான்தான்." அக்கா திரும்பவுமில்லை. "உள்ளுக்கு முழுக்கப் பேய்ப் பேர். உனக்குத் துப்பரவு தெரியாட்டி நானாவது பாக்க வேண்டாமோ?"

"அதுதான் அக்கா லினக்ஸ்! காலையில இருந்து நான் வெறும் பென் ட்ரைவ்வோட மாரடிச்சிருக்கேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்களே!"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சனி. உள்ளுக்கு இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறதைக் கம்பஸில படிப்பிக்கேல்லையோ?"

கேள்வி சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக எரித்தது.

புதன்கிழமை சிவப்புப் பென் ட்ரைவ்வை மறுபடி ஏற்றி, அக்காவின் கண்ணில் படாமல் கைப்பையிலேயே வைத்திருந்து கொண்டுவந்தாள். வியாழன் காலை செருகியதும் லெப்டொப் உயிர்பெற்றது. டிஸ்க் திறந்தது. கல்வெட்டுகள் வரிசையாக இருந்தன. சாந்தகுமாரின் தாயாரும் இருந்தார். எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பென் ட்ரைவ்வுக்குப் பிரதி எடுத்தாள். ஜீவராணி அக்கா உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். மேனகாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமைதான் பிழையைக் கொண்டுவந்தது. அக்கா பார்க்கிறார், கெதியாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற அவசரத்தில், லெப்டொப்பில் லினக்ஸைப் பதியத் தொடங்கியதும் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'அடுத்தது, அடுத்தது' என்று தட்டிக்கொண்டு போனாள். உலகப் படம் வந்தது. கொழும்பில் ஒரு புள்ளியைக் குத்தினாள். அடுத்து விசைப்பலகை பற்றிய பக்கம். அதை வாசிக்காமலே தாண்டினாள்.

"பூட்டுப் போடலாமோ?" என்று கேட்டார் அக்கா. "செத்த ஆக்களின்ர வீட்டுக் கதை எல்லாம் கிடக்கு. ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாது."

"முழு டிஸ்கையும் பூட்டலாம். பாஸ்வேர்ட் இல்லாம யாராலும் திறக்க ஏலாது. என்னாலயும் ஏலாது. மறந்துட்டா போச்சு."

"நான் மறக்க மாட்டன். தள்ளு. அங்கால பார்."

மேனகா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா இரண்டு தரம் அடித்தார். திரையில் புள்ளிகள்தான் விழுந்தன. பதிந்து முடிந்ததும், கறுப்புப் பென் ட்ரைவ்வில் இருந்த கல்வெட்டுகளை மேனகா புதிய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். லெப்டொப்பை நிறுத்தித் திருப்பி ஒன் பண்ணினாள்.

பாஸ்வேர்ட் கேட்டது. அக்கா அடித்தார். பிழை என்றது. மறுபடி அடித்தார். பிழை.

"உன்ர சாமான் பழுது."

"மெதுவா அடிங்க அக்கா. கெப்ஸ் லொக் போட்டிருக்கா?"

"எனக்கு அடிக்கப் பழக்கிறியோ? நீ பிறக்க முதல் அடிக்கத் தொடங்கினனான்!"

அக்கா விசைகளை அறைந்தார். மேனகா இந்தத் தடவை சுவரைப் பார்க்க மறந்துபோனாள். அல்லது மறக்கவில்லை. பிறகு பல நாள் அதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இருந்தது. இடது சுண்டுவிரல் ஷிப்ட்டில். எம். டபிள்யூ. எச். ஏ. பீ. ஐந்து தட்டு. வேறு யாருக்கும் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. மேனகாவின் தலைக்குள் அது அப்படியே தமிழாக விழுந்தது.

ஆறாயி.

அது வெள்ளவத்தைப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெயரும் இல்லை. மேனகாவின் பாட்டன்காலத்துத் தோட்ட லயங்களில் கூப்பிடுகிற பெயர்.

"சரி, விடுங்க அக்கா. கறுப்புப் பென் ட்ரைவ்ல பிரதி இருக்கு. இப்போதைக்கு அதை அச்சகத்துக்குக் குடுத்திரலாம்."

அக்கா கவுன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனகா கவுண்டரைப் பார்த்தாள். கறுப்புப் பென் ட்ரைவ் துடைத்து, பளபளவென்று, மூடி போட்டு இருந்தது.

"நீங்க அதையும்..."

"நீதானே சொன்னனி உள்ளுக்குப் போட்டாச்செண்டு! பிறகென்னத்துக்கு அதில கிடக்க? செத்த ஆக்களின்ர சாமானை நான் வெளியில விடுறேல்லை."

அந்த நேரம் பார்த்துச் சாந்தகுமார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ராணியக்கா, பெரியக்கா நாளைக்கு விடிய வந்திறங்குறா. வந்தவுடன புத்தகத்தைத்தான் கேப்பா. எல்லாம் சரிதானே?"

அக்கா மேனகாவைக் கையால் காட்டினார். "இந்தப் பிள்ளையைக் கேளுங்கோ. உங்கட அம்மாவை இவள்தான் பூட்டி வைச்சிருக்கிறாள்."

"அக்கா, பூட்டினது நீங்க."

"வாயை மூடு! நல்லாத்தான் கிடந்தது. எனக்குத் தெரியும் எண்டு கையை வைச்சாய். உங்களுக்கெல்லாம் நாலு எழுத்துத் தெரிஞ்சா காணும், நிலத்தில கால் நிக்காது."

"எங்களுக்கெல்லாம்ன்னா யாருக்கு?"

சாந்தகுமாருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போட்டோக்கொப்பி மெஷினைப் பார்த்தார்.

"நான் அச்சகத்தில போய் ஒரு நாள் தவணை கேக்கிறன். நீங்களும் வாங்கோ சாந்தன்." அக்கா குடையை எடுத்தார். வாசலில் திரும்பி மேனகாவிடம், "நான் வரேக்க நீ இங்க நிக்கப்படாது. கடையைப் பூட்டித் திறப்பை ஹுசைனிட்டக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அவர்கள் போனதும் மேனகா பையைத் தோளில் போட்டாள். திறப்பை எடுத்தாள். கதவுவரை போய், திரும்பி வந்தாள். தவறு எங்கே நடந்தது என்று தெரியாமல் போனால், வாழ்நாள் முழுக்க அக்கா சொன்னதுதான் உண்மை என்று இருக்கும். சிவப்புப் பென் ட்ரைவ்வைச் செருகினாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றபடி, காலையில் வந்த கேள்விப் பக்கங்களை ஒவ்வொன்றாக, இம்முறை வாசித்து வாசித்துத் தாண்டினாள். உலகப் படம். கொழும்பு. அடுத்த பக்கத்தில் விசைப்பலகை. கொழும்பைக் குத்தியவர் சிங்களத்தில்தான் அடிப்பார் என்று அது தானே முடிவுசெய்து, சிங்கள விசைப்பலகையைப் போட்டுவைத்திருந்தது. மேனகா அங்கே 'எம்' தட்டினாள். உருண்டையாக ஒரு சிங்கள எழுத்து விழுந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. அக்காவின் விரல் தமிழ் அடித்தது. விசையில் ஆங்கிலம் இருந்தது. புள்ளிகளுக்குப் பின்னால் விழுந்தது சிங்களம். திருப்பி ஒன் பண்ணியபோது பூட்டு மட்டும் ஆங்கிலத்தில் கேட்டது. மூன்று மொழிக்கும் நடுவில் சாந்தகுமாரின் தாயார் அகப்பட்டுக்கொண்டார்.

இனிச் செய்யவேண்டியது சின்ன வேலை. சிங்கள விசைப்பலகையை வைத்துக்கொண்டு, இந்தப் பென் ட்ரைவ்விலிருந்தே பூட்டிய டிஸ்கை அதே ஐந்து விசையால் திறக்கவேண்டும். ஆனால் அந்த ஐந்து விசையும் அக்காவுடையவை. அவர் வரும்வரை இருந்து அவரையே அடிக்கச் சொன்னால், தனக்குத் தெரியும் என்பது வெளியே வராது. ஆனால் அக்கா தன்னை நிற்கவிட மாட்டார். தானே திறந்தால் கல்வெட்டு வரும், கூடவே கள்ளி என்ற பெயரும் வரும். மேனகா கொஞ்சநேரம் விசைப்பலகையைப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

திறந்தது.

அக்கா திரும்பி வந்தபோது, சாந்தகுமாரின் தாயார் முதல் பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அச்சடித்த பக்கங்கள் மேசையில் இருந்தன. சாந்தகுமார் "அப்பாடா" என்று கதிரையில் இருந்தார். அக்காவின் முகத்தில் மட்டும் எந்த அப்பாடாவும் இல்லை. சாந்தகுமார் பக்கங்களை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தார்.

"எப்பிடித் திறந்தாய்?"

மேனகா சிங்கள விசைப்பலகையைப் பற்றிச் சொன்னாள். தன்னுடைய பிழை என்றும் சொன்னாள்.

"அதைக் கேக்கேல்லை. பாஸ்வேர்ட் எப்பிடித் தெரியும்?"

"உங்க விரல் சத்தமாத்தான் கதைக்குது அக்கா. எத்தனை வருஷம் பின்னால நின்னிருக்கேன்."

"களவு. அது களவெல்லோ?"

"ஆமா" என்றாள் மேனகா. ஓம் வரவில்லை. "ஆறாயி யாரு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கவுன் ஓரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கட வீட்டில வேலைக்கு நிண்டவள். உங்கட பக்கத்துப் பெட்டை. என்ர வயசுதான். என்ர புத்தகப் பையைப் பள்ளிக்கூட வாசல்மட்டும் தூக்கிக்கொண்டு வந்துபோட்டுத் திரும்பிப் போவாள்."

மேனகா பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தாள்.

"தன்ர பேரை எழுதப் பழக்கச் சொல்லிக் கேட்டாள். பழக்கிறன் எண்டு அவளின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். ஒரு நாள் 'ஆ' பழக்கினன். குசினிச் சுவரில கரியால இந்தளவு பெரிசா எழுதிப்போட்டு நிண்டு சிரிக்கிறாள். 'அடுத்த எழுத்தச் சொல்லுங்க சின்னம்மா' எண்டாள். றா கஷ்டம், நாளைக்கு எண்டனான். அம்மா சுவரைக் கண்டுட்டா. பின்னேரமே இரத்மலானையில ஆரோ வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"உங்க வயசுதானே? அவங்க உங்களை வாங்க போங்கன்னு சொன்னாங்களா?"

"அப்ப அப்பிடித்தான்."

"நீங்கதான் பழக்குனீங்கன்னு அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"நீ என்ன, பொலிஸோ?" அக்காவின் குரல் பழையபடி உயர்ந்தது. "தெரிஞ்சுகொண்டாய்தானே, சந்தோசமோ? பூட்டை மாத்தித் தா. இப்பவே மாத்து."

மாற்றத்தான் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பென் ட்ரைவ்வைக் கொண்டுதான் திறக்கவேண்டிவரும். மேனகா விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, புதிய பாஸ்வேர்டை எங்கே அடிப்பதென்று காட்டிவிட்டு, வெளியே வாசலுக்கே போய் நின்றாள். ரயில் ஒன்று போனது. ஒன்றும் கேட்கவில்லை.

"மாத்தியாச்சு" என்றார் அக்கா. "நாளைக்கு வராதை."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மேனகா தாயிடம் கேட்டாள்.

"ஆறாயின்னா எந்த ஆறாயி?" என்றார் மயிலம்மா, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "நம்ம லயத்துலயே மூணு பேரு. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புன புள்ளைங்கள யாரு கணக்கு வச்சா? சில புள்ளைங்க வந்துச்சுங்க. சில புள்ளைங்க வரல. என்னாத்துக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

மறுநாள் அவள் போனாள். வராதை என்றதைக் கேட்டு வீட்டில் இருக்க வசதி இல்லை. அக்கா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. திறப்புக் கொத்தைக் கவுண்டரில் எறிந்துவிட்டு, "பக்கங்களை எடுத்து வை" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருவரும் அந்தக் கடையில் ஒன்றாக நின்றார்கள். அன்பு கூடவில்லை. அக்கா லெப்டொப்பைத் தானே திறப்பார், மேனகாவுக்கு முதுகு காட்டிக்கொண்டு. மேனகா அந்த நேரம் போட்டோக்கொப்பி மெஷினை வேண்டுமென்றே ஓடவிடுவாள். ஆமாவைப் பற்றி மட்டும் அக்கா பிறகு வாய் திறக்கவில்லை. மேனகாவும் ஓமை விட்டுவிட்டாள். அதில் வெற்றி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு மகன் கனடாவிலிருந்து வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். கடை பூட்டிய நாளில் அக்கா லெப்டொப்பை மேனகாவின் பக்கம் தள்ளினார். "உந்தக் குப்பையை நீயே வைச்சிரு. விமானத்தில ஏத்தினா பாரம்." பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. மேனகாவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டு வாங்க அன்றைக்கு அவளுக்கு மனமில்லை. அது அலுமாரிக்கு மேல் கிடந்தது. அவளுக்கும் மருதானையில், வரைபடம் கீறுகிற ஒரு வேலை கிடைத்தது.

போன மார்கழியில், பனி கொட்டுகிற ஊரில், ஜீவராணி அக்கா செத்துப்போனார். முப்பத்தோராம் நாளன்று கல்வெட்டு வாட்ஸப்பில் வந்தது. யாரோ புதிய எழுத்துருவில் அடித்தது. ஒற்று விட்ட இடம், ழகரம் மாறிய இடம் என்று பக்கத்துக்குப் பத்துப் பிழை. 'அன்னார் அன்பே உறுவானவர். யாரையும் கடிந்து பேசியறியாதவர்.' மேனகா அதை வாசித்து பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா இருந்தால் முதலில் பிழையைத் திருத்தச் சொல்லியிருப்பார். பிறகுதான் பொய்யை ரசித்திருப்பார்.

அந்த மனுஷியைத் தனக்குப் பிடித்திருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் பிழையோடு கிடப்பதை விட மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய் லெப்டொப்பை இறக்கித் தூசி தட்டினாள். அதில் அக்காவின் பழைய கல்வெட்டு மாதிரிகள் இருக்கும், ஒழுங்காக அடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஒன் பண்ணியதும் பாஸ்வேர்ட் கேட்டது. அப்போதுதான் தனக்கு அது தெரியாது என்பது உறைத்தது. இருந்தும் விரல் போனது. ஷிப்ட்டோடு எம். டபிள்யூ. எச். ஏ. பீ.

திறந்துகொண்டது. அக்கா மாற்றவேயில்லை. அன்றைக்குச் சண்டை பிடித்து, ஆளை வாசலுக்கு அனுப்பி, அதே பெயரையே மறுபடி அடித்துவிட்டு மாத்தியாச்சு என்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தது அந்தப் பெயரைத்தான்.

மேனகா அக்காவின் கல்வெட்டைப் பாமினியில் புதிதாக அடிக்கத் தொடங்கினாள். வம்சாவளி வந்தது. பெற்றார், சகோதரர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கல்வெட்டில் ஆறாயிக்கு இடம் கிடையாது. அவள் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று சொல்ல ஒருவருமில்லை. இரத்மலானையில் எந்த வீடு என்று அக்காவிடம் கேட்டிருக்கலாம். மேனகா கேட்கவில்லை. இருந்தால் அவளுக்கும் இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஏதாவது ஓர் அலுவலகத்தில், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டிருப்பாள். முதல் எழுத்து அவளுக்குத் தெரியும். றாவும் யியும் இன்னும் கொடுபடவில்லை.